கிரெடிட் எங்கே போய் உட்காருகிறது?

(கலிபோர்னியா வளைகுடாப் பகுதித் தமிழ்ப் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூனிவர்சிட்டிக்கு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பத் தேதி, கட்டணம், குறைந்தபட்ச ஜி.பி.ஏ. இதெல்லாம் கல்லூரி இணையதளங்களிலேயே இருக்கிறது. அதை வாசித்துக் காட்ட நான் வரவில்லை. என் மேசைக்கு வரும் பெற்றோர் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்தக் கிரெடிட்டை அவங்க ஏத்துக்குவாங்களா?" ஏற்றுக்கொள்வார்கள் என்று சொன்னால் போதும், நிம்மதியாக எழுந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கலாம் என்றுதான் இன்று வந்திருக்கிறேன்.

ஏற்றுக்கொள்வது வேறு, டிகிரிக்குக் கணக்கில் எடுப்பது வேறு. வீட்டுக்கு வந்தவரை "வாங்க, வாங்க" என்று திண்ணையில் உட்கார வைக்கலாம். பந்தியில் அவருக்கு இலை போட்டிருக்கிறதா என்பது தனி விஷயம். பல்கலைக்கழகங்கள் திண்ணையைப் பொறுத்தவரை தாராளமாகவே இருக்கின்றன. சிக்கல் எல்லாம் பந்தியில்தான்.

இந்த நாட்டில் நான்காண்டுப் பட்டம் என்றால் பொதுவாக 120 செமஸ்டர் யூனிட். குவார்ட்டர் முறையில் 180. இந்த எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் 120 என்பது மொத்த எண்ணிக்கை மட்டுமே. அதற்குள் பல கட்டங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான ஜி.இ. பாடங்கள் ஒன்று. மேஜருக்கு முன்தயாரிப்பாக முதல் இரண்டு ஆண்டில் எடுக்க வேண்டியவை, பிறகு மேஜரின் அப்பர் டிவிஷன் பாடங்கள். அமெரிக்க வரலாறும் அரசமைப்பும் படித்திருக்க வேண்டும் என்ற விதி. கடைசிக் காலத்தில் இத்தனை யூனிட் எங்கள் வளாகத்திலேயே படித்திருக்க வேண்டும் என்ற விதி. இந்தக் கட்டங்களில் எதிலும் பொருந்தாத பாடம் எலெக்டிவ் என்ற திண்ணைக்குப் போய்விடும். டிரான்ஸ்கிரிப்டில் அது ஏற்கப்பட்டதாகவே இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டும். பட்டத்தை ஓர் அங்குலம்கூடக் கிட்டே கொண்டுவராது.

இந்த யூனிட் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. பேராசிரியர்களின் பென்ஷனிலிருந்து வந்தது! 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி, ஓய்வு பெறும் கல்லூரி ஆசிரியர்களுக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். பணத்தைப் பங்கிட வந்த கார்னெகி அறக்கட்டளைக்கு, எது உண்மையான கல்லூரி என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஆண்டுக்கு 120 மணி நேரம் படித்தால் ஒரு யூனிட்; அப்படி 14 யூனிட் முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிதான் கல்லூரி என்று வைத்தார்கள். பென்ஷன் வேண்டும் என்பதற்காகக் கல்லூரிகள் வரிசையாக இந்தக் கணக்குக்கு மாறின. 1910-இல் மாரிஸ் குக் என்பவர் அதே அறக்கட்டளைக்காக எழுதிய அறிக்கையில், கல்லூரி வேலையையும் மாணவர்-மணி என்று அளக்கலாம் என்றார். தொழிற்சாலைகளில் வேலையை மணிக்கணக்கில் அளந்த காலம் அது.

ஆகவே யூனிட் என்பது பிறவியிலேயே நேரத்தை அளக்க வந்த ஒன்று. அறிவை அளக்கும் வேலையை அதன் தலையில் பிறகுதான் கட்டினார்கள். ஒரு மாணவி ஒரு கல்லூரியில் 45 மணி நேரம் உட்கார்ந்தாள் என்பதை இன்னொரு கல்லூரி மறுக்காது. அங்கே என்ன படித்தாள், எங்கள் இரண்டாம் பாடத்தைத் தாங்கும் அளவுக்குப் படித்தாளா என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம். முதல் கேள்விக்கு அட்மிஷன் அலுவலகமே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு அந்தத் துறைப் பேராசிரியர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் முதல் மேசையில் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

இது ஏதோ சில பேருக்கு நேரும் விபத்து என்று நினைக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாங்கள் சேர்த்த கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. ஓர் அரசுக் கல்லூரியிலிருந்து இன்னோர் அரசுக் கல்லூரிக்குப் போனவர்களுக்கே 37 சதவீதம் போயிற்று. இத்தனைக்கும் இது புதிய கல்லூரி ஏற்கவே மறுத்த கணக்கு. ஏற்றுக்கொண்டு எலெக்டிவில் போட்டுவைத்தது இதில் வராது.

ஒரு பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். இவள் ஒருத்தி அல்ல. பல பிள்ளைகளின் கோப்புகளைச் சேர்த்து நானே கட்டிய ஆள். செமஸ்டர் முறைக் கம்யூனிட்டி காலேஜில் 78 யூனிட் முடித்திருக்கிறாள். பள்ளியில், கல்லூரி கிரெடிட் தரக்கூடிய ஏ.பி. தேர்வு மூன்று: கால்குலஸ் பி.சி., ஆங்கில இலக்கியம், அமெரிக்க வரலாறு. பெர்க்லியில் கலை-அறிவியல் கல்லூரியில், உயிரியல் சார்ந்த ஒரு மேஜருக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பா கால்குலேட்டரை எடுக்கிறார். ஏ.பி. ஒவ்வொன்றுக்கும் 5.3 யூனிட், ஆக 15.9. அதோடு 78. மொத்தம் 93.9. மீதி 26.1. இரண்டு செமஸ்டர்கூட வேண்டாம், ஓராண்டுக் கட்டணம் மிச்சம் என்று வீட்டில் பாயசம்.

இப்போது நான் பேனாவை எடுக்கிறேன். பெர்க்லியும் சேர்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழக அமைப்பான யூ.சி.யில், வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவரும் லோயர் டிவிஷன், அதாவது முதல் இரண்டு ஆண்டுப் பாட யூனிட்டுக்கு 70 என்ற உச்சவரம்பு இருக்கிறது, குவார்ட்டரில் 105. ஏ.பி. யூனிட் அந்த வரம்பில் சேராது, அது தனி. எனவே 78-இல் 8 எண்ணிக்கையிலிருந்து போயிற்று. அந்தப் பாடங்கள் ஏதேனும் தேவையை நிறைவேற்றினால் அந்த நிறைவு மட்டும் நிற்கும், யூனிட் நிற்காது. அடுத்து, ஏ.பி. கால்குலஸில் ஐந்து வாங்கிய பிள்ளையை, "கல்லூரியில் திரும்பவும் எடு, சுலபமாக ஏ கிடைக்கும்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு தடவை கிரெடிட் கிடையாது. அந்த 5.3 போயிற்று. நிற்பது 80.6. மீதி 39.4.

அப்பா விடவில்லை. "சரி, மூணு செமஸ்டர்." இல்லை ஐயா. பெர்க்லியின் அந்தக் கல்லூரியில் பட்டத்துக்கு 36 அப்பர் டிவிஷன் யூனிட் வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் லோயர் டிவிஷன், ஏ.பி.யும் அப்படியே. ஆகவே அந்த 36-இல் இவள் கொண்டுவந்தது பூஜ்யம். அதுகூடப் பெரிதில்லை. டிரான்ஸ்கிரிப்டைப் புரட்டினால் கலை வரலாறு இருக்கிறது, இரண்டு பொருளாதாரம் இருக்கிறது, உளவியல் இருக்கிறது, எல்லாவற்றிலும் ஏ. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இல்லை. பொது வேதியியல் ஓராண்டு, அதை முடித்தால்தான் ஆர்கானிக், அதை முடித்தால்தான் பயோகெமிஸ்ட்ரி, அதன் பிறகுதான் மேல்நிலை ஆய்வகப் பாடங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால், யூனிட் எத்தனை இருந்தாலும் காலம் குறையாது. ஆர்கானிக்கில் தொடங்கினால் நான்கு செமஸ்டர். அதாவது இரண்டு முழு ஆண்டு. 93.9 என்று ஆரம்பித்த கணக்கு, 60 யூனிட்டோடு சரியான பாடங்களை முடித்துவந்த பக்கத்து வீட்டுப் பையன் முடிக்கும் அதே மே மாதத்தில்தான் போய் நிற்கிறது.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. எண்ணிக்கை என்றால் நமக்குப் பிரியம். எத்தனை ஏ.பி., எத்தனை யூனிட், எத்தனை ஆண்டு முன்னதாக. கல்யாண வீட்டில் இன்னொருவர் மகன் மூன்று ஆண்டில் முடித்தான் என்று கேட்டுவிட்டு வந்து என் மேசையில் உட்காருகிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள் என்று ஊருக்குப் போனில் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை ஈடுகட்ட யூனிட்டைக் குவிக்கிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. 1960-இல் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய கலிபோர்னியா உயர்கல்விப் பெருந்திட்டமே, கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு, பிறகு யூ.சி. அல்லது கால் ஸ்டேட் எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகம் என்ற வழியை ஒரு நேர்வழியாகத்தான் வைத்தது. கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். இந்த விலையில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்க வாய்ப்பு இருக்கும்போது கலை வரலாற்றை ஏன் மூன்றாவதாக எடுக்க வேண்டும்? கலை வரலாறு பிடித்திருந்தால் எடுக்கட்டும், மகிழ்ச்சி. யூனிட்டுக்காக வேண்டாம்.

எண் பற்றிப் பேசும்போது குவார்ட்டர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் அது தனித் தொல்லை. கூப்பர்டினோவில் டி ஆன்சா குவார்ட்டர் முறை. ஃப்ரீமாண்டில் ஓலோன் செமஸ்டர் முறை. ஒரு செமஸ்டர் யூனிட் என்பது ஒன்றரைக் குவார்ட்டர் யூனிட். எண்ணை மாற்றுவது சுலபம், பாடத்தை மாற்றுவதுதான் கஷ்டம். டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு குவார்ட்டராகப் பிரித்திருக்கிறார்கள். செமஸ்டர் கல்லூரியில் அதுவே மூன்று. முதல் குவார்ட்டரை இங்கே முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று இரண்டாம் செமஸ்டர் கால்குலஸுக்கு அங்கே போய் உட்கார்ந்தால், நடுவில் சில அத்தியாயங்கள் எங்குமே படிக்கப்படாமல் போகும். ஒரே பெயர், இரண்டு கல்லூரி, நடுவில் ஓட்டை. தொடர்பாடத்தை எந்தக் கல்லூரியில் ஆரம்பித்தீர்களோ அங்கேயே முடியுங்கள். பெட்ரோல் செலவு ஆனாலும் பரவாயில்லை.

எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அசிஸ்ட் என்ற இணையதளத்தில் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே கிடக்கின்றன. கல்லூரி, போக விரும்பும் வளாகம், ஆண்டு, மேஜர் என்று நான்கையும் தேர்ந்தால், இடப்பக்கம் அவர்கள் பாடம், வலப்பக்கம் நம் பாடம். பலர் அதைத் திறந்து, யூனிட் மாறுமா என்ற பட்டியலை மட்டும் பார்த்து மூடிவிடுகிறார்கள். அது திண்ணைப் பட்டியல். மேஜர் வாரியான பக்கத்தைத் திறக்க வேண்டும். வலப்பக்கத்தில் 'ஈடான பாடம் இல்லை' என்று எழுதியிருக்கும் வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். தனியார் பல்கலைக்கழகம் என்றால் இந்தத் தளம் உதவாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். கால்டெக் ஏ.பி.க்குக் கிரெடிட்டே தருவதில்லை.

மாநில அரசும் சும்மா இல்லை. 2010-இல் வந்த சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே வடிவமைத்த அசோசியேட் டிகிரியை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் ஓர் இடம் உறுதி. அதே மேஜரில் மேலும் 60 யூனிட்டில் பட்டம் முடிய வேண்டும். எந்த வளாகம் என்பது உறுதியில்லை. சான் ஹோசேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்குமாக இருந்த வெவ்வேறு ஜி.இ. பட்டியல்கள் போய், கால்-கெட்சி என்று 34 யூனிட்டில் ஒரே பட்டியல் வந்திருக்கிறது. பாட எண்களையும் மாநிலம் முழுக்க ஒன்றாக்குகிறார்கள். புள்ளியியல் எந்தக் கம்யூனிட்டி காலேஜிலும் 'ஸ்டாட் சி1000'. வரவேற்கத்தக்கது. ஆனால் இதெல்லாம் ஜி.இ. பக்கத்துக் குழப்பத்தைத்தான் அதிகம் தீர்க்கும். பொறியியலுக்குப் போகும் பிள்ளை ஜி.இ.யை முழுக்க முடிப்பதைவிட இயற்பியலையும் கணக்கையும் முடிப்பதுதான் முக்கியம் என்று யூ.சி.யே சொல்கிறது. நம் வீடுகளில் பாதிப் பேர் பொறியியல்காரர்கள். அவர்களுக்குக் கால்-கெட்சியை முழுக்க முடித்த சான்றிதழ் சில சமயம் ஓர் அழகான காகிதம், அவ்வளவுதான்.

பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கட்டணம் பெரும்பாலும் இல்லை, அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுகிறீர்கள். அந்த வகுப்பில் வாங்கும் சி கிரேடு பள்ளியோடு போகாது. அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்டின் முதல் வரி. பிற்பாடு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தத் தாளைக் காட்டியாக வேண்டும். பதினான்கு வயதில் கோடை விடுமுறைக்கு நடுவே எழுதிய தேர்வு அது என்று யாரும் கழித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊரிலிருந்து பாதிப் படிப்பில் வருகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இரண்டு ஆண்டு பி.இ. படித்துவிட்டு, குடும்பத்தோடு இங்கே வந்த பிள்ளைகள். மார்க் ஷீட்டை மட்டும் கொண்டுவருகிறார்கள். மார்க் ஷீட்டில் கணிதத்துக்கு 'எம்-2' என்று மட்டும் இருக்கும். அதில் லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் நடத்தினார்களா, வெக்டர் கால்குலஸ் நடத்தினார்களா என்று இங்குள்ள பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்பது சிலபஸ், யூனிட் வாரியாக, பாடநூல் பெயரோடு, கல்லூரி முத்திரையோடு. புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு சித்தப்பாவைக் கல்லூரி அலுவலகத்துக்கு அலையவிடுவது பாவம். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனம் 60 யூனிட் என்று எழுதிக் கொடுத்தாலும், கால்-கெட்சி பட்டியலில் அமெரிக்க அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுக் கல்லூரிப் பாடங்களைச் சேர்ப்பதில்லை. மறுபடியும் அதே திண்ணை.

ஓர் இடத்தில் மட்டும் நமக்கு அனுகூலம். ஆங்கிலம் அல்லாத மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற யூ.சி. தேவைக்கு, ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டு வேறு மொழி வழியில் பள்ளியில் படித்திருந்தால் போதும் என்ற விதி கம்யூனிட்டி காலேஜ் வழியில் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளை ஸ்பானிஷ் வகுப்பில் போய் உட்கார்ந்து பத்து யூனிட் செலவழித்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போகும் வளாகத்தில் மொழித் தேவை எப்படி நிறைவேறும் என்று கேட்டுவிட்டு, பள்ளிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும்போது இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது. பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும். அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் எண்ணப்படும். கடினமான பாடத்தைப் பாதியில் விட்டால் மற்றவனுக்கு டிரான்ஸ்கிரிப்டில் ஒரு டபிள்யூ குறி, இவனுக்கு விசாப் பிரச்சினை. கடைசிப் பருவத்தில் முடிக்க வேண்டியது குறைவாக இருந்தால் விலக்கு உண்டு, அதற்கும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விட்டபிறகு கேட்பதில் பயனில்லை.

கவுன்சிலரிடம் வரும்போது என்ன கேட்க வேண்டும் என்று ஒருவர் நுழைவாயிலிலேயே கேட்டார். 'இது மாறுமா' என்று கேட்காதீர்கள். 'இது எந்தத் தேவையில் போய் உட்காரும்' என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தப்பில்லை, நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கவுன்சிலர் மாறுவார், விதி மாறும், மின்னஞ்சல் இருக்கும். எந்த ஆண்டு கேட்டலாக் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்றும் கேளுங்கள். கால் ஸ்டேட்டில், படிப்பை இடைவிடாமல் தொடர்ந்தால், சேர்ந்த ஆண்டின் விதிகளையே பற்றிக்கொண்டு பட்டம் வாங்கும் உரிமை இருக்கிறது. நடுவில் ஓராண்டு விட்டுவிட்டு வந்தால் அந்த உரிமை போகலாம்.

கடைசிப் பருவம் வந்ததும் இன்னொன்று. எல்லாம் முடித்துவிட்டால் பட்டம் தானாக வீடு தேடி வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தனித் தேதி இருக்கிறது. அந்த விண்ணப்பம் போன பிறகுதான் பல இடங்களில் அலுவலகம் கடைசித் தணிக்கையைப் பார்க்கிறது. ஆகவே இரண்டு பருவம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். மூன்று யூனிட் குறைகிறது என்று தெரியவந்தால் சரிசெய்ய ஒரு கோடை வகுப்பாவது மிச்சமிருக்கும். அந்தக் கோடை வகுப்பையும் கம்யூனிட்டி காலேஜில் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். யூ.சி.யில் கடைசி 30 செமஸ்டர் யூனிட்டில் 24 அங்கேயே படித்ததாக இருக்க வேண்டும்.

நான் பேசியது போதும். சிலர் டிரான்ஸ்கிரிப்ட் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். பெயரையும் மாணவர் எண்ணையும் மடித்து மறைத்துவிட்டுத் தாருங்கள், திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்தே படிப்போம். மேஜர் என்ன என்று மட்டும் மேலே எழுதிவிடுங்கள். அது இல்லாமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.